சேற்றுப்புண்ணில் தைலம் ஊற்றும் முன்

ஏற்காட்டுக்கு வந்து செல்பவர்களில் பலர் நீலகிரித் தைலமோ எலுமிச்சைப்புல் எண்ணெயோ ஒரு புட்டி வாங்காமல் மலையிறங்குவதில்லை. தலைவலிக்குத் தேய்க்கும் அதே தைலத்தைக் கால் விரலிடுக்கில் வெடித்திருக்கும் பூஞ்சைப் புண்ணிலும் அப்படியே ஊற்றுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், நாள் முழுவதும் ஈரக் காலணியோடு சரிவில் நின்ற பெண் ஒருவர், கடைசி இரு விரல்களுக்கிடையே வெளுத்து ஊறிப்போன தோலில் தைலத்தை விட்டு, துணியால் இறுகக் கட்டியிருந்தார். மறுநாள் கட்டைப் பிரித்தபோது புண்ணைச் சுற்றிக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன; சேற்றுப்புண் ஆறவில்லை, எரிபுண்ணும் சேர்ந்துகொண்டது. நல்ல தோல் தடுத்து நிறுத்தும் காரப்பொருளை வெடித்த தோல் தடுப்பதில்லை. மேலே கட்டும் போட்டால் எண்ணெய் ஆவியாக வழியின்றி உள்ளேயே தங்கிச் சுடும்.

எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால், கிராம்பில் உள்ள யூஜெனால், ஓமத்தில் உள்ள தைமால் ஆகியவை ஆய்வகத் தட்டில் பூஞ்சையை அழிப்பது உண்மைதான். ஆனால் பூஞ்சையைக் கொல்லும் அளவு, புண்ணில் புதுத்தோல் வளர்க்கும் செல்களையும் கொல்லக்கூடும். சேற்றுப்புண் நோயாளிகளிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது டீ ட்ரீ எண்ணெய். அதையும் 25, 50 சதவீதக் கரைசலாக்கித்தான் பூசினார்கள், அப்போதும் சிலருக்குத் தோல் அழற்சி கண்டது. ஆஸ்திரேலிய மரமொன்றின் எண்ணெயான அதற்கும் நம் தேயிலைக்கும் தொடர்பில்லை. அதன் பலனை நீலகிரித் தைலத்துக்கு ஏற்றிச் சொல்வதும் பிழை. திறந்து மாதக்கணக்கில் சன்னலோரம் கிடந்த புட்டியைத் தொடவே வேண்டாம், காற்றுப்பட்டுப் பழசாகிப்போன எண்ணெய் ஒவ்வாமையை எளிதில் கிளப்பும்.

பூசியே தீருவேன் என்பவர்கள், 30 மில்லி தேங்காயெண்ணெயில் 6 சொட்டுக்கு மேல் விடாமல், புண்ணுக்கு வெளியே வெடிப்பில்லாத தோலில் மட்டும் தடவலாம். அது மருந்துக்கு ஈடாகாது.

அரிக்கும் புண்ணெல்லாம் பூஞ்சையும் அல்ல. தோலைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையே அதைத் தெளிவாக்கிவிடும். அதைச் செய்யாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கேட்டு வாங்கிப் பூசுவது எண்ணெயை விடவும் கெடுதல், ஏனெனில் சிவப்பும் அரிப்பும் அடங்க, பூஞ்சை உள்ளே படர்ந்துகொண்டே போகும். அரிப்பு நின்றவுடன் பூஞ்சைக்கான மருந்தை நிறுத்தினாலும் புண் திரும்ப வரும்.

சர்க்கரை நோயாளிகள் காலில் எண்ணெய்ச் சோதனையே செய்யக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் எரிவதுகூடத் தெரியாது. புண்ணின் ஓரம் கறுத்தாலோ, சிவப்பு மேலேறிக் காய்ச்சல் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள். பூசிய எண்ணெய்ப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், புண்ணில் என்ன பட்டது என்று மருத்துவர் முதலில் கேட்பார்.