விட்டு விட்டு வரும் இணையம்: எங்கே அறுபடுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இணையம் முழுசாகப் போய்விட்டால் ஒரு வகையில் நிம்மதி. வேலை செய்யவில்லை என்று தெளிவாகத் தெரியும், போன் போட்டுச் சொன்னால் வந்து பார்ப்பார்கள். வந்து வந்து போகிற இணையம்தான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். வீடியோ அழைப்பில் முக்கியமான பேச்சு நடக்கும்போது எல்லோர் முகமும் அப்படியே உறைந்து நிற்கும். நாம் எழுந்து ரவுட்டர் பக்கம் போவதற்குள் தானாகவே சரியாகியிருக்கும். சேவை மையத்தை அழைத்தால், "இப்ப வருதா சார்?" என்பார்கள். வருகிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதில் பலரும் செய்கிற தவறு, கைக்கு எட்டியதையெல்லாம் ஒரே நாளில் மாற்றுவது. ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், எங்கோ பார்த்த நாலு செட்டிங்கையும் மாற்றி வைப்பார்கள். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் மறுபடி அறுபடும்போது எதை மாற்றினோம், எதைப் பழையபடி வைத்தோம் என்பதே நினைவிருக்காது. அதனால் இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். அறுபடும்போது அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் முதல் வேலை.

உங்கள் கணினியிலிருந்து ஒரு செய்தி வெளியே போக வேண்டுமென்றால், முதலில் வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ ரவுட்டருக்குப் போகிறது. அங்கிருந்து மோடம் அல்லது ஃபைபர் பெட்டிக்கு (பல வீடுகளில் ரவுட்டரும் இதுவும் ஒரே பெட்டிதான்), அங்கிருந்து இணையம் தரும் நிறுவனத்துக்கு, அப்புறம் வெளியுலகத்துக்கு. அறுந்தது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: கணினிக்கு மட்டும்தானா?

இணையம் போன அந்த நேரத்தில், அதே வைஃபையில் இருக்கும் போனில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இதை மறந்தால் சோதனையே பொய். வைஃபை தடுமாறும்போது பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

போனில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால் சந்தேகம் கணினி மேல். இரண்டிலும் வரவில்லை என்றால் ரவுட்டர் அல்லது அதற்கு அப்பால்.

படி 2: இரண்டு கறுப்புத் திரைகள்

விண்டோஸில் தேடல் பெட்டியில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறங்கள். கறுப்பாக ஒரு திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) என்று இடைவெளி விடாமல் தட்டி என்டரை அழுத்துங்கள். (நான் தமிழில் எழுதினாலும் கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) வருகிற வரிகளில் டீஃபால்ட் கேட்வே என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு எதிரே இருப்பதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல இருக்கும்.

அடுத்த கட்டளை பிங் (பி, ஐ, என், ஜி). ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த முகவரி, மறுபடி இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டியே சின்ன டி (டைம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து). என்டர். அந்த டி இல்லாவிட்டால் நாலு முறை தட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். டி போட்டால் நீங்கள் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட். அதில் ரவுட்டர் முகவரிக்குப் பதில் 8.8.8.8 என்று கொடுங்கள். இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர் (தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது), எந்நேரமும் பதில் சொல்லும். மேக்கில் டெர்மினலைத் திறந்து இதையே செய்யலாம். அங்கே டி தேவையில்லை, தானாகவே ஓடும். ரவுட்டர் முகவரி அதன் நெட்வொர்க் செட்டிங்ஸில் டிசிபி/ஐபி பகுதியில் கிடைக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க ஓடினாலும் டேட்டா ஒன்றும் பெரிதாகச் செலவாகாது. இணையம் நின்றதும் திரைகளைப் பாருங்கள், மணியைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் பிங் அப்போது மணி என்ன என்று காட்டாது, அதனால் காகிதம் அவசியம்.

படி 3: திரை என்ன சொல்கிறது?

ஒவ்வொரு வரியின் நடுவிலும் டைம் என்று ஒரு எண் இருக்கும். போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆனது என்பது அது. கேபிளில் ரவுட்டருக்கு 1 அல்லது அதற்கும் குறைவு. வைஃபையில் 2, 3, 5 என்று கொஞ்சம் ஆடும், தப்பில்லை. 2, 3, 2, 340, 2, 610 என்று குதித்தால் வைஃபை திணறுகிறது. ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று வந்தால் பதிலே வரவில்லை. விண்டோஸ் ஒவ்வொரு பதிலுக்கும் 4 விநாடி காத்திருக்கும் என்பதால், அப்படிப் பத்து வரி வந்திருந்தால் முக்கால் நிமிடம் போல அறுபட்டிருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

ரவுட்டர் திரை, 8.8.8.8 திரை இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு வீட்டுக்குள், கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அல்லது ரவுட்டரிலேயே. ரவுட்டர் திரை ஜம்மென்று ஓட, 8.8.8.8 மட்டும் நின்றால் கணினியையும் வைஃபையையும் விட்டுவிடுங்கள், கோளாறு அதற்கு அப்பால். இரண்டும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை, டிஎன்எஸ் கதை.

ஒரு சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். எல்லாம் நன்றாக இருக்கும் நேரத்திலேயே பதில் வரவில்லை என்றால் அதுதான் காரணம், பதற வேண்டாம்.

கோளாறு வீட்டுக்குள் என்றால்

முதலில் கணினியை ஒரு கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் இணைத்து, இரண்டு திரைகளையும் மறுபடி ஓடவிடுங்கள். கேபிளில் அறுபடவே இல்லை என்றால் குற்றவாளி வைஃபை. கேபிளிலும் அறுபட்டால் வேறு கேபிள், ரவுட்டரில் வேறு துளை. கேபிள் முனையில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா பாருங்கள். உடைந்த நாக்கோடு இருக்கும் கேபிள் பார்க்க மாட்டிய மாதிரியே இருக்கும், மேஜை அசைந்தால் விட்டுப்போகும்.

வைஃபைதான் என்று தெரிந்தால், வழக்கமான சந்தேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே இடத்தில்தான் கூச்சல் போடுகின்றன. ரவுட்டரிலும் கணினியிலும் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். மாற முடியாதென்றால் ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். ஒன்றோடொன்று உரசாதவை இவைதான்.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு பொறி உண்டு. சேனல் 52 முதல் 144 வரை உள்ளவற்றை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் சமிக்ஞை மாதிரி எதையாவது கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை உடனே காலி செய்தாக வேண்டும், அப்போது எல்லோருக்கும் இணைப்பு அறுபடும். காரணமே இல்லாமல் எப்போதாவது ஒரு நிமிடம் போய் வருகிறது என்றால் சேனலை 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என் கணினியில் சில மாதங்கள் மாலை நேரத்தில் மட்டும் இணையம் செத்துச் செத்துப் பிழைத்தது. மாலையில் எல்லோரும் படம் பார்ப்பார்கள், அதனால் நெரிசல் என்று நானே முடிவு கட்டிப் புது ரவுட்டர் வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில்தான் இரண்டு திரைகளை ஓடவிட்டேன். நின்றது ரவுட்டர் திரை! வெளியே போகும் வரைகூடத் தேவையில்லை, மேஜையிலிருந்து அலமாரி வரை போவதற்குள்ளேயே அறுபட்டிருக்கிறது. குறித்து வைத்த மணிகளைப் பார்த்தேன், எல்லாமே ஆறரையை ஒட்டி. ஆறரைக்கு என்ன நடக்கிறது? வெளி ஹார்ட் டிஸ்க்கில் தினசரி பேக்கப்! அந்த டிஸ்க்கின் யுஎஸ்பி 3.0 கேபிளும், கணினிக்கு வைஃபை தரும் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிளும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும் என்பது பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி அரை மீட்டர் தள்ளி வைத்தேன். அத்தோடு நின்றது. புது ரவுட்டருக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

கணினிக்குள்ளேயே இருக்கும் காரணங்களில் முதலாவது மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, உங்கள் வைஃபை அட்டையை இருமுறை சொடுக்குங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவல் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் இருக்கும் முதல் கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் இந்தத் தாவலே இருக்காது. அடுத்தது டிரைவர், அதாவது அந்த வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் சுற்றும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு நாட்குறிப்பும் வைத்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. கமாண்ட் பிராம்ப்டை வலது சொடுக்கில் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து, நெட்ஷ் (நெட் என்பதோடு எஸ், ஹெச்), டபிள்யூலேன் (டபிள்யூ, எல், ஏ, என்), ஷோ, டபிள்யூலேன்ரிப்போர்ட் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். கடந்த 3 நாட்களின் வைஃபை வரலாறு ஒரு வலைப்பக்கமாகச் சேமிக்கப்படும், எங்கே இருக்கிறது என்று திரையிலேயே சொல்லும். எப்போது இணைந்தது, எப்போது விட்டது, ஏன் விட்டது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அறுபட்டிருக்கும்போது ஐபிகான்ஃபிக் கொடுத்தால் உங்கள் முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? அப்படியென்றால் ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டும் ஓடுகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால்

தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் சிக்கல் அங்கேதான். நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் கொடுங்கள். விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் மென்பொருள்) ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள். அவ்வளவுதான்.

கோளாறு வெளியே என்றால்

நிறுவனத்தை அழைப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 8.8.8.8 திரையில் எண் 15, 20 என்று இருந்தது திடீரென 800, 900 என்று ஏறி, அப்புறம் அறுபடுகிறதா? யாரோ பெரிதாக எதையோ மேலேற்றுகிறார்கள். போன்கள் படங்களை கிளவுடுக்கு அனுப்பும்போது அப்லோட் வழி அடைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இணையமே இல்லாதது போலத் தோன்றும். அந்தச் செயலியில் அப்லோடைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு, அறுபடும்போது ரவுட்டரின் எல்லா விளக்குகளும் அணைந்து மறுபடி எரிகின்றனவா? அது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது (அப்போது ரவுட்டர் திரையும் சேர்ந்து நிற்கும்). பலமுறை இதற்குக் காரணம் ரவுட்டர் அல்ல, தளர்ந்துபோன பவர் அடாப்டர். புதிது வாங்கினால் பழையதில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட்டும், அதே அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியரும் இருக்க வேண்டும், பின்னின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். மூடிய அலமாரிக்குள் சூட்டில் வெந்துகொண்டிருந்தாலும் இப்படி ஆகும், வெளியே எடுத்து வையுங்கள்.

ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது மடங்கி, மேஜைக் காலில் நசுங்கி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றி முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

இதெல்லாம் பார்த்தாயிற்று என்றால் அழையுங்கள். "நெட் அடிக்கடி போகுது" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "கேபிளில் இணைத்திருக்கிறேன், ரவுட்டருக்கு பிங் போகிறது, 8.8.8.8-க்குப் போகவில்லை, நேற்று காலை 10.12, மதியம் 2.40, இரவு 9.05, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும். புகார் எண்ணையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆள் வந்து பார்க்கும்போதும் அந்த இரண்டு கறுப்புத் திரைகளும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.