அரிய நோயாளி வந்த நாளில் நழுவும் தகவல்கள்: மாவட்ட மருத்துவமனை ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1912-இல் ரங்கூன் பொது மருத்துவமனையிலிருந்து ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு தொற்றுநோயைப் பற்றி எழுதினார்கள். பிரேதப் பரிசோதனையில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோய் போலவே தெரிந்தது. ஆனால் கிருமி நகர்ந்தது, அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வேகமாக வளர்ந்தது, அங்கே அது கூட்டமாக வளர்ந்த திட்டுகள் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தன. இந்த மூன்று வேறுபாடுகளையும் கவனித்து எழுதி வைத்ததால்தான் மெலியோய்டோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் நோய் உலகுக்குத் தெரிய வந்தது.

வேலூர், புதுச்சேரி, மணிப்பால் மருத்துவமனைகளிலிருந்தும் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலிருந்தும் இதே நோய் இன்றும் பதிவாகிறது. சிறிய ஊர்களில் அது இல்லாமல் இல்லை, பிடிபடாமல் போகிறது. மருத்துவ இதழ்களுக்கு எழுதப்படும் அரிய நோய் அறிக்கைகளில் பெரும்பாலானவை எழுதும்போது கெடுவதில்லை. நோயாளி கட்டிலில் இருந்த முதல் இரண்டு நாட்களிலேயே கெட்டுவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்கும்போது, எடுக்காத மாதிரியையும் கேட்காத கேள்வியையும் அதில் சேர்க்க முடியாது. இங்கே மெலியோய்டோசிஸை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் அநேகமாக எல்லாமே அந்த ஒரு நோயில் நடக்கின்றன.

ஊசி போட்ட பிறகு எடுக்கும் கல்ச்சர்

சர்க்கரை நோயுள்ள ஒரு விவசாயி, மழைக்காலத்தில், பத்து நாள் காய்ச்சலோடு இரவு பதினொரு மணிக்கு வருகிறார். காஷுவாலிட்டியில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடப்படுகிறது. கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான) ரத்தம் மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு எடுக்கப்படுகிறது. செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமிக்கு உரிய மருந்தல்ல. ஆனாலும் கல்ச்சரைக் கெடுக்க அது போதும். அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்கு ஆன்டிபயாடிக்கைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது சரிதான். ஆனால் ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். கல்ச்சர் பாட்டில்கள் லேபின் பூட்டிய அறையில் இருப்பதுதான் உண்மையான தடை. காஷுவாலிட்டி அலமாரியிலேயே நான்கு பாட்டில்கள் இருக்கட்டும்.

பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். இரு வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் எடுக்க வேண்டும். பல பாட்டில்கள் 3 மில்லியோடு வருகின்றன. அந்த அளவில் ‘கிருமி வளரவில்லை’ என்ற முடிவுக்குப் பெரிய பொருள் இல்லை. தோலில் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைத் தடவி, அது காயும்வரை காத்திருங்கள். பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடையுங்கள். எடுத்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள்.

சீழ் இருந்தால் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்புவதைவிட, சிரிஞ்சில் உறிஞ்சிய ஓரிரு மில்லி சீழ் பலமடங்கு மேலானது. மெலியோய்டோசிஸ் சந்தேகம் இருந்தால் தொண்டை மாதிரியையும் சிறுநீரையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த நோயில் கல்ச்சர் ஏறத்தாழ பத்தில் ஆறு பேரிடம்தான் பிடிபடுகிறது என்பதால், மாதிரி கூடக்கூட வாய்ப்பும் கூடும். காய்ச்சலோடு சிறுநீர் அடைப்பும் உள்ள ஆணுக்கு ப்ராஸ்டேட்டில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது.

‘சூடோமோனாஸ் இனம்’ என்று முடித்துவிடும் ரிப்போர்ட்

லேபில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. முதல் 24 மணி நேரத்தில், மெலியோய்டோசிஸை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லையின் திட்டுகள் சாதாரணமாகத்தான் தெரியும். விட்மோர் பார்த்த மடிப்புகள் இரண்டு, மூன்று நாள் கழித்தே விழும். மறுநாளே கல்ச்சர் தட்டை அப்புறப்படுத்தும் லேபுக்கு அவை கண்ணில் படாது. சந்தேகம் இருந்தால் தட்டைக் குறைந்தது நான்கு நாள் வைத்திருக்க வேண்டும். கிராம் சாயத்தில் ஊக்குப்பின் போல இரு முனையும் அடர்ந்து தெரிவது ஒரு குறிப்பு, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

மூன்று டிஸ்குகளால் (ஆன்டிபயாடிக் தோய்ந்த சிறு வட்டத் தாள்களால்) ஒரு முதல்கட்டச் சோதனை செய்யலாம்: ஜென்டாமைசின், கோலிஸ்டின், கோ-அமாக்சிக்ளாவ். ஆக்சிடேஸ் பாசிட்டிவ் ஆன கிராம் நெகட்டிவ் கிருமி முதல் இரண்டுக்கும் கட்டுப்படாமல் மூன்றாவதற்குக் கட்டுப்பட்டால், அதைச் சூடோமல்லை என்று கருதி உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா பொதுவாக இதற்கு நேர்மாறு: கோலிஸ்டினுக்குக் கட்டுப்படும், கோ-அமாக்சிக்ளாவுக்குக் கட்டுப்படாது. (மலேசியாவின் சரவாக் பகுதியில் ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படும் சூடோமல்லைகளும் உண்டு. எனவே இது முடிவான சோதனை அல்ல.) தானியங்கிக் கருவிகள் இதைப் பர்கோல்டேரியா செபேசியா என்று காட்டுவதும் உண்டு. கருவி அச்சடித்துக் கொடுத்த பெயரை அப்படியே அறிக்கையில் எழுதுவது பெரிய பிழை. லேட்டெக்ஸ் சோதனையோ பி.சி.ஆரோ செய்யும் மேல்நிலை ஆய்வகத்தின் உறுதி வேண்டும்.

அந்த உறுதி கிடைக்க, கிருமி உயிரோடு இருக்க வேண்டும். இங்கேதான் பல அறிக்கைகள் செத்துப்போகின்றன. ‘அரிய கிருமி’ என்று தெரிய வரும்போது தட்டு, கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போயிருக்கும். சந்தேகம் எழுந்த அன்றே 15 முதல் 20 சதவீத கிளிசரால் கலந்த குழாயில் உறைநிலையில் வையுங்கள். ஆழ்குளிர்பெட்டி இல்லாவிட்டால் அகார் சாய்வில் வளர்த்து மூடியை இறுக்கி அறை வெப்பத்தில் வையுங்கள். அனுப்பும்போது மூன்றடுக்குப் பொதி கட்டாயம். இந்தக் கிருமியின் கல்ச்சரை அனுப்புவதற்கான விதிகள் ரத்த மாதிரிக்கான விதிகளைவிடக் கடுமையானவை. தட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். இது மூச்சு வழியாகவும் தொற்றும்.

மூன்று ஐ.ஜி.எம். பாசிட்டிவ், ஒரு ‘அபூர்வ முக்கலப்பு’

டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், லெப்டோஸ்பைரோசிஸ் மூன்றும் ஒருவருக்கே ஒரே நேரத்தில் வந்ததாக எழுதும் ஆசை பலருக்கு வருகிறது. ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஒரு நோயின் எதிர்ப்பொருள் இன்னொன்றின் சோதனையிலும் வினைபுரியும். ஒரே ஒரு ஐ.ஜி.எம். முடிவை வைத்துக் கலப்புத் தொற்று என்று சொல்லக் கூடாது. சேர்ந்த அன்றே 2 மில்லி சீரத்தை உறைய வைத்து, 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு மாதிரி எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் சோதித்து எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பாருங்கள். ஸ்க்ரப் டைஃபஸில் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் கருகிய புண்ணைத் தேடினீர்களா என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ‘புண் இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் வேறு வேறு. பின்னால் தரவு சேர்க்கும் பி.ஜி. மாணவர் வெற்றிடத்தை ‘இல்லை’ என்று நிரப்பும்போது ஆய்வு முழுவதும் சாய்ந்துவிடும்.

பாம்புக்கடியிலும் இதே சிக்கல். ‘விஷமுறிவு மருந்து பலனளிக்காத அரிய நிகழ்வு’ என்று எழுதும் முன், கடித்தது எது என்பதற்குப் படம் வேண்டும். இந்தியப் பல்விஷ முறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகவே தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள ஹிப்னேல் வகைக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதைச் சுருட்டை என்று தவறாக எடுத்துக்கொண்டு குப்பி குப்பியாக மருந்து ஏற்றிய நிகழ்வுகள் உண்டு. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையையும் சரியாகச் செய்திருக்க வேண்டும். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் விட்டு 20 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ இருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. இடையில் சாய்த்துப் பார்த்தாலும் முடிவு கெடும்.

கையெழுத்தும் படமும்

சிகிச்சைக்கான ஒப்புதல் வேறு, வெளியிடுவதற்கான ஒப்புதல் வேறு. அறுவை சிகிச்சைப் படிவத்தில் வாங்கிய கைநாட்டைக் காட்டி இதழுக்கு அனுப்புவது செல்லாது. தமிழ்ப் படிவத்தில், ‘உங்கள் பெயர் வராது, ஆனால் உங்களைத் தெரிந்தவர்கள் அடையாளம் காணலாம், மறுத்தாலும் சிகிச்சை குறையாது’ என்பது மூன்றும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, மருத்துவமனை ஊழியர் அல்லாத ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளே இதற்கு ஏற்ற நாள். வீட்டுக்குப் போன பிறகு தேடிப் பிடித்து வாங்குவது அவருக்கும் சங்கடம். நோயாளி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடம் கேட்க வேண்டும், துக்கம் நடக்கும் வாரத்தில் அல்ல.

கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் முகம் மறைந்துவிடும் என்று இன்னும் நம்புகிறார்கள். மறையாது. தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். சி.டி. படத்தின் ஓரத்தில் பெயரும் ஐ.பி. எண்ணும் இருக்கும், கணினிக் கோப்பின் உள்ளேயும் அவை ஒளிந்திருக்கும். பச்சை குத்திய பெயர், ஊர்ப்பெயர், சேர்ந்த தேதி எல்லாவற்றையும் நீக்கி ‘முதல் நாள்’, ‘மூன்றாம் நாள்’ என்று எழுதுங்கள். ஒரு சிற்றூரில் ‘42 வயது மீன் வியாபாரி’ என்றாலே பாதிப்பேருக்கு ஆள் தெரிந்துவிடும். இவ்வளவு பார்த்துவிட்டு அதே படத்தை வாட்ஸ்அப் குழுவில் ‘டயக்னோசிஸ் என்ன?’ என்று போடுவது எல்லாவற்றையும் வீணாக்கும்.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கைக்குப் பல நிறுவனங்கள் நெறிமுறைக் குழுவின் முழு ஆய்வைக் கேட்பதில்லை. ஆனால் விலக்குக் கடிதமாவது கையில் வேண்டும். பல நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைத் திரட்டுவது ஆய்வு. அதற்கு அனுமதி தரவு சேர்க்கும் முன்பு வாங்க வேண்டும், கட்டுரை எழுதிய பிறகு அல்ல. மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவும் தேவை. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் செய்யும் பதிவை மட்டுமே அவர்கள் ஏற்கிறார்கள்.

எண்ணும்போது

ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) ஒவ்வொரு முறை சேரும்போதும் மாறும். ஒரே நோயாளி மூன்று முறை சேர்ந்திருந்தால் எக்செல் தாளில் மூன்று பேராகிவிடுவார். அரிய நோய்த் தொடரில் இது எண்ணிக்கையையே புரட்டிப்போடும். வயது, பாலினம், ஊர் மூன்றையும் ஒப்பிட்டு இரட்டைகளை நீக்குங்கள். வார்டில் காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், இதழ் செல்சியஸ் கேட்கும். சர்க்கரையை மில்லிகிராம்/டெசிலிட்டரிலிருந்து மில்லிமோல்/லிட்டருக்கு மாற்ற 18-ஆல் வகுக்க வேண்டும், கிரியாட்டினினை மைக்ரோமோல்/லிட்டராக்க 88.4-ஆல் பெருக்க வேண்டும். ஐந்து பேரில் நால்வர் என்பதை ‘80 சதவீதம்’ என்று எழுதாதீர்கள், ‘5 பேரில் 4 பேர்’ என்றே எழுதுங்கள்.

‘உலகிலேயே முதல்முறை’

இந்தச் சொற்றொடரை எழுதும் முன் பழைய பெயர்களில் தேடினீர்களா? பர்கோல்டேரியா என்ற பேரினப் பெயரே 1992-இல்தான் வந்தது. அதற்கு முன் இதே கிருமி சூடோமோனாஸ் சூடோமல்லை. நோயை விட்மோர் நோய் என்றார்கள். இன்றைய பெயரில் மட்டும் தேடுபவருக்கு எண்பது ஆண்டு இலக்கியத்தின் பெரும்பகுதி கண்ணில் படாது. எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால், எந்தத் தேதிவரை தேடினீர்கள் என்பதைச் சொல்லி, ‘நாங்கள் தேடியவரை’ என்று எழுதுங்கள். மருந்து கொடுத்தோம், பிழைத்தார், ஆகவே மருந்துதான் காரணம் என்ற முடிவும் ஒரே ஒரு நோயாளியை வைத்து வராது. அவர் மருந்தில்லாமலே பிழைத்திருக்கக் கூடும் என்பதையும் எழுதுவது நேர்மை. நோயாளி அறிக்கைகளை எழுதுவதற்காக 2013-இல் வெளியான கேர் (CARE) வழிகாட்டியின் 13 அம்சப் பட்டியலை எழுதத் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொண்டால், காலவரிசைப் படமும் நோயாளியின் சொந்தக் கூற்றும் விடுபடாது. பின்னது தமிழ் நோயாளிகளிடம் செழிப்பாகக் கிடைக்கும், ஆனால் அநேகமாக யாரும் கேட்பதில்லை.

டிஸ்சார்ஜோடு முடியும் அறிக்கை

‘நோயாளி நலமுடன் வீடு திரும்பினார்’ என்பது மெலியோய்டோசிஸில் கதையின் பாதி கூட இல்லை. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழியாகக் கொடுத்த பிறகு, கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். எலும்பிலோ மூளையிலோ தொற்று இருந்தால் ஆறு மாதம். காய்ச்சல் விட்டதும் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்புகிறது. அதனால் அறிக்கையில் மூன்றாம் மாத நிலை இல்லாவிட்டால் சிகிச்சை வென்றதா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நோயாளியின் எண்ணோடு வீட்டில் இன்னொருவர் எண்ணையும், அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் எண்ணையும் வாங்கிப் பூட்டிய பதிவேட்டில் வையுங்கள். பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க இரண்டாம் வாரமே ஒருமுறை வரச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து அவர் மறுபடியும் காய்ச்சலோடு வந்தால், பழைய கிருமியே திரும்பியதா, வயலில் புதிதாகத் தொற்றியதா என்பதை உறைநிலையில் வைத்த அந்தக் கிளிசரால் குழாயோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.