கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்? வெட்டவெளியில் படுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ராமநாதபுரம் கரையோரத்தில் வெட்டவெளியில் படுப்பவர்கள் கூடிவிடுவார்கள். உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாளே வந்து, மரகத நடராசருக்குச் சந்தனம் களைவதைப் பார்த்துவிட்டு அங்கேயே தலை சாய்ப்பவர்கள் ஒரு பக்கம். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்து அக்னி தீர்த்தக் கரையில் விடியலுக்குக் காத்திருப்பவர்கள், தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள், அப்புறம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுபவர்கள். இப்போது முதுகுப்பையும் கூடாரமுமாகக் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

பாதயாத்திரைக் குழுக்களோடும் இந்தப் பிள்ளைகளோடும் பல வருடமாக வெளியில் படுத்து எழுகிறேன். தொடங்கிய காலத்தில் நாங்கள் எப்படிப் படுத்து நடுங்கினோமோ, அச்சு அசலாக அப்படியே படுத்துத்தான் புதிதாக வருகிறவர்களும் நடுங்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், காதை மூடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். உடம்புக்கும் தரைக்கும் நடுவில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஏது குளிர் என்று நினைப்பது

பாம்பன் பக்கம் மார்கழி, தை இரவுகளில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். "இதெல்லாம் ஒரு குளிராண்ணே" என்று கேட்டுவிட்டு வெறும் தரையில் துண்டை விரிப்பவர்கள் நிறைய. தோலின் சூடு 33 டிகிரியை ஒட்டி இருக்கும். தரை 23 என்றால் பத்து டிகிரி வித்தியாசம். அந்தப் பத்து டிகிரி, நடுவில் காற்று இருந்தால் ஒன்றும் செய்யாது. காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு கடத்தும். ஈர மணலும் சிமெண்டும் கருங்கல்லும் தண்ணீரையும் மிஞ்சும். பகலெல்லாம் நடந்து களைத்த உடம்பு, வியர்வை காயாத சட்டையோடு ஆறு மணி நேரம் அதில் அசையாமல் கிடந்தால் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். படுத்தவுடன் ஒன்றும் தெரியாது. விடியற்காலை நாலு மணி வாக்கில், உடம்புச் சூடே இயல்பாகக் குறையும் நேரத்தில்தான் முதுகு விறைத்துப்போய் எழுந்து உட்காருவார்கள்.

உத்தரகோசமங்கை போன்ற இடங்களில் வயதானவர்கள் கருங்கல் தரையில் ஒற்றைச் சேலையை விரித்துப் படுப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அவர்கள் உடம்பு இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க நேரமாகும். அவர்களுக்கு முதலில் விரித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் படுங்கள்.

மேலே மூன்று போர்வை, கீழே ஒரு தார்ப்பாய்

எனக்கு இன்றுவரை எரிச்சல் வருகிற தவறு இதுதான். காசும் போகும், தூக்கமும் போகும்.

பிள்ளைகள் கடைக்குப் போவார்கள். உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பையான ஸ்லீப்பிங் பேக்குக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்று எண்ணிக் கொடுப்பார்கள். அதில் 5 டிகிரி என்று அச்சடித்திருக்கும், அந்தக் குளிர் வரை தாங்கும் என்று அர்த்தம். கீழே விரிக்க என்ன வாங்கினாய் என்று கேட்டால் ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் தாளைக் காட்டுவார்கள். "அதான் பேக் இருக்கேண்ணே, சுத்தி மூடுதுல்ல" என்பது பதில்.

அந்தப் பையைத் தரையில் விரித்து ஒருவரை உள்ளே படுக்கச் சொல்லுங்கள். அவர் இடுப்புக்கு அடியில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். மேல்பக்கம் நாலு விரல் உயரத்துக்கு உப்பி நிற்கும் பஞ்சு, அடிப்பக்கம் கைக்கே தட்டுப்படாது. இரண்டு துணி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. உடம்பின் பாரம் அந்தக் காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடுகிறது. தோள்பட்டை, இடுப்பு, குதிகால் ஆகிய மூன்று இடத்திலும் பாரம் அதிகம் விழும், குளிர் ஏறுவதும் அங்கேதான். கம்பளிக்கும் ரஜாய்க்கும் இதே கதி. போர்த்தினால் கதகதப்பாக இருக்கும் கம்பளி, அடியில் போட்டால் பாதி வேலைகூடச் செய்யாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பையில் அச்சடித்திருக்கும் அந்த டிகிரிக் கணக்கு எப்படி வருகிறது? சோதனைக்கூடத்தில் சூடேற்றிய ஆளுயரப் பொம்மையைப் பைக்குள் வைத்து, அடியில் மெத்தை விரித்து அளந்து வருவது. கீழே மெத்தை இல்லையென்றால் அந்த எண்ணை நம்பவே கூடாது.

தை மாதம் ஒருமுறை கொடைக்கானலில் பூம்பாறைக்கு மேலே எங்கள் ஊர்ப் பையன்களோடு தங்கினோம். புல்லில் உறைபனி படரும் இடம் அது. ஒருவனிடம் இருந்தது வீட்டுக் கம்பளியும் இரண்டு யோகா மேட்டும். இன்னொருவனிடம் புத்தம்புது ஸ்லீப்பிங் பேக், அடியில் தார்ப்பாய் மட்டும். கம்பளிக்காரன் விடியும் வரை தூங்கினான். பேக்காரன் ஒரு மணிக்கே எழுந்துபோய் வேனில் உட்கார்ந்துவிட்டான், பல் கிட்டிப்போய் அவனால் பேச முடியவில்லை. அந்த இடத்தில் வேன் இல்லாமல் போயிருந்தால் அது வெறும் தூக்கக் கேடாக முடிந்திருக்காது. ஊருக்குத் திரும்பியதும் அவன் என்ன செய்தான் தெரியுமா? பேக் சரியில்லை என்று சொல்லி, அதைவிடத் தடிமனாக இன்னொன்று வாங்கினான். கீழே விரிக்க மறுபடியும் அதே தார்ப்பாய். எத்தனை தடவை சொன்னாலும் காசு மேல்பக்கத்துக்கே போகிறது.

வசதி இல்லாதவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். பழனி போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சிமெண்ட் தரையில் எங்கள் குழுவில் வந்த அக்கா ஒருவர் மூன்று போர்வையைப் போர்த்திக்கொண்டு, "இன்னும் குளிருதுப்பா" என்றார். எதிரே இருந்த மளிகைக்கடையில் பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பிரித்து, இரண்டு அடுக்காக அவர் அடியில் விரித்தேன். சற்று நேரத்தில் மூன்றில் ஒரு போர்வையை எடுத்துப் பேரன் மேல் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அட்டைக்குள் இருக்கும் நெளிவுகளில் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு ஆள் படுத்தால் உடனே நசுங்கிவிடாது. நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கரையில் வள்ளத்துக்குக் காவலாகப் படுக்கும் பெரியவர்களிடம் குளிருது என்று சொன்னால், "கீழ என்னடா போட்டிருக்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர்கள் காய்ந்த நைலான் வலைக் குவியலின் மேல் ஒரு சாக்கைப் போட்டுப் படுப்பார்கள். வலையின் முடிச்சுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் நடுவில் இடைவெளி நசுங்குவதில்லை. மேலே பெரும்பாலும் ஒரு போர்வைதான் இருக்கும்.

சரி, எதை விரிக்கலாம்? பாரம் ஏறினாலும் நசுங்காத எதுவும் ஆகும். சாயல்குடி பக்கம் முடைகிற பனை ஓலைப்பாய் ஒன்று மட்டும் போதாது, இரண்டு பாய்க்கு நடுவில் சாக்கு போட்டால் நம் கரைக்குத் தாராளம். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், தண்ணீர் குடிக்காத ஃபோம் பாய் வாங்குங்கள். கடையிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வந்தால் அது ஸ்பாஞ்சு, படுத்தவுடன் தட்டையாகிவிடும், ஈரத்தையும் உறிஞ்சும். எதிர்த்து நின்றால் எடுத்துக்கொள்ளலாம். நல்ல கம்பெனிப் பாய்களில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருக்கும். சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. சாதாரண ஃபோம் பாய் 2 அருகே வரும், நம் கடற்கரைக்கு அதுவே அதிகம். உறைபனி விழும் மலைக்கு 4 வேண்டும். இரண்டு பாயை அடுக்கினால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம், அதனால் விலை உயர்ந்த ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தார்ப்பாயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் வேலை ஈரத்தைத் தடுப்பது. காலையில் தூக்கிப் பாருங்கள், அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அது இல்லையென்றால் அவ்வளவும் உங்கள் பாயில் ஏறியிருக்கும். ஆகவே தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் அடியில். அதன் மேலேயே உடம்பைப் போட்டால் உங்கள் வியர்வையும் போக வழியில்லாமல் முதுகுக்கடியில் தேங்கும்.

மேல் மணலை வழித்துவிட்டுப் படுப்பது

இடத்தைச் சமன் செய்கிறேன் என்று காலால் மணலைத் தள்ளித் தள்ளி, கெட்டியான கறுப்பு மணல் தெரியும் வரை போய்விடுகிறார்கள். படுக்க வாகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே இருந்த காய்ந்த மணல்தான் அந்தக் கரை இலவசமாகக் கொடுத்த மெத்தை. மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் அது சூட்டை மெதுவாக விடும். அடியில் இருக்கும் ஈர மணல் பல மடங்கு வேகமாக இழுக்கும்.

கையை உள்ளே விட்டு அள்ளுங்கள். விரலிடுக்கில் வழிந்தால் காய்ந்தது. ஒட்டினால் ஈரம். ஒரு சாண் ஆழத்துக்காவது வழிகிற மணல் இருக்கும் இடமாகப் பாருங்கள். சமன் செய்ய வேண்டுமென்றால் பக்கத்திலிருந்து காய்ந்த மணலை இழுத்துப் போட்டு நிரப்புங்கள்.

தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக் விரிகுடாக் கரைகளில் பல இடத்தில் மேலே கொஞ்சம் மணல், அடியில் சேறு. வாடைக் காற்று நேராக அடிப்பதும் அந்தப் பக்கம்தான். இந்தப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், கரையில் காய்ந்த மணலும் கிடைக்கும். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் கடற்பாசி வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே விரியுங்கள். தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும் காலம். கரையில் துடுப்புத் தடம் தெரிந்தாலோ, கூடு இருக்கிறது என்று வேலி கட்டியிருந்தாலோ அந்தப் பக்கமே வேண்டாம், டார்ச்சும் அடிக்காதீர்கள்.

காற்று ஊதிய மெத்தையை நம்புவது

காற்று சூட்டைத் தடுக்கும் என்று சொன்னேனே, அப்படியானால் ஊதுகிற மெத்தை நல்லதுதானே என்று கேட்பார்கள். காற்று அசையாமல் இருந்தால்தான் தடுக்கும். சாதாரண ஊதுமெத்தைக்குள் ஒரே பெரிய அறை. நீங்கள் புரளப் புரள உள்ளே காற்று சுற்றி வந்து, முதுகிலிருந்து எடுத்த சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீச்சல் குளத்துக்கு விற்கும் மெத்தைகளின் ஆர் மதிப்பு 1கூடத் தேறாது. உள்ளே பஞ்சோ சூட்டைத் திருப்பும் தாளோ வைத்துத் தைத்தவை வேறு ரகம், அவற்றுக்கு விலையும் வேறு. நம் கரையில் இன்னொரு தொல்லை, மணலில் கிடக்கும் சிப்பியும் கருவேல முள்ளும். நடுராத்திரி ஓட்டை விழுந்தால் கையில் வேறு எதுவும் இருக்காது. ஊதுமெத்தைதான் இருக்கிறது என்றால் அதன் மேலே ஒரு ஃபோம் பாயையோ அட்டையையோ போடுங்கள்.

கயிற்றுக் கட்டிலில் படுத்தால் போதும் என்பது

தரையை விட்டுத் தூக்கிவிட்டோம், இனி குளிராது என்ற நினைப்பு. தரை விட்டது, கீழே வாடை புகுந்துவிட்டது. கயிற்று இடைவெளி வழியாக அடியில் ஓடும் காற்று முதுகைத் தொட்டுக்கொண்டே போகும். மரத்தில் கட்டும் தொட்டில் ஊஞ்சலும் அப்படித்தான். இரண்டிலும் அடியில் பாய் வேண்டும், கட்டிலில் தலைமாட்டைக் காற்று வரும் திசைக்கு வைத்து ஓரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

வைக்கோலைக் கொஞ்சமாகப் பரப்புவது

தையில் அறுப்பு முடிந்த ஊர்களில் வைக்கோல் கிடைக்கும். அதைப்போல நல்ல படுக்கை கிடையாது, ஆனால் ஒரு சாண் பரப்பினால் படுத்ததும் நாலு விரலாகிவிடும். முழங்கால் உயரத்துக்குப் போடுங்கள். சவுக்குத் தோப்புச் சருகுக்கும் இதே கணக்குத்தான். அள்ளுவதற்கு முன் கம்பால் நன்றாகக் கிளறுங்கள், தேள் அங்கேதான் இருக்கும்.

வியர்த்த துணியோடு படுப்பது

கூடாது. பனியன் உட்பட மாற்றுங்கள்.

தெர்மாகோல்

குளிரைத் தடுக்கும்தான். உடைந்து மணிமணியாகக் கடலுக்குப் போகும், வேண்டாம்.

நெருப்புக் கங்கைப் புதைத்து அதன் மேல் படுப்பது

வேண்டவே வேண்டாம். ஃபோம் உருகும், முதுகு வேகும்.

இடம் கேட்காமல் விரிப்பது

தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு தங்க விடமாட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்கக் கூடாது. மீனவர் கிராமத்துக் கரை என்றால் அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வலை காயப்போடும் இடம் எது, வள்ளம் இழுக்கும் தடம் எது என்று அவர்களே காட்டிவிடுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வள்ளம் தள்ள வருகிறவர்களுக்கு இருட்டில் நீங்கள் படுத்திருப்பது தெரியாது.