4எக்ஸ் லென்ஸில் 20எக்ஸ் நுணுக்கம் எடுப்பது எப்படி

நுண்ணோக்கியின் 4எக்ஸ் லென்ஸில் பரந்த இடம் தெரியும், நுணுக்கம் தெரியாது. 20எக்ஸ் போட்டால் நேர்மாறு. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் ஃபூரியர் டைக்கோகிராஃபி இருக்கிறது. கால்டெக்கில் ஜெங், ஹார்ஸ்ட்மேயர், யாங் மூவரும் 2013-ல் வெளியிட்ட முறை. நுண்ணோக்கியின் விளக்குக்குப் பதில் எல்.இ.டி. பலகை, ஒவ்வொன்றாக எரித்துப் படமெடுத்து, கணினியில் தைக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் லென்ஸுக்கு வெளியே தப்பிப் போகும் நுணுக்கத்தைச் சாய்ந்த ஒளி உள்ளே தள்ளிவிடும்.

தேவையானவை: என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு சாய்ந்த ஒளியை உள்வாங்கும் என்ற அளவு) 0.1 உள்ள 4எக்ஸ் லென்ஸ், 4 மி.மீ. இடைவெளியுள்ள 32×32 எல்.இ.டி. பலகை, 3.45 மைக்ரான் பிக்சலுள்ள கறுப்பு வெள்ளை கேமரா. ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கழற்றிவிடுங்கள். பலகை ஸ்லைடுக்குக் கீழே 80 மி.மீ. தள்ளி இருக்கட்டும். நடுவிலுள்ள 15×15 மட்டும், அதுவும் பச்சை மட்டும் போதும்.

80 என்பதற்குக் காரணம் உண்டு. அந்த உயரத்தில் பக்கத்துப் பக்கத்து எல்.இ.டி.களின் சாய்வு (ஒளி வரும் கோணத்தின் சைன்) 0.05 வேறுபடும், ஃபூரியர் தளத்தில் (படத்தின் நுணுக்கங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) ஒவ்வொரு படமும் பிடிக்கும் வட்டங்கள் 68% ஒன்றன்மேல் ஒன்று படியும். இது 60-க்குக் கீழே போனால் தையல் பிரியத் தொடங்கும். ஓர எல்.இ.டி.யின் சாய்வு 0.33. லென்ஸின் 0.1-ஐக் கூட்டினால் 0.43, அதாவது 20எக்ஸ் லென்ஸின் தரம்.

கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷர், கெயின், காமா மூன்றையும் அணைத்துவிட்டு 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம். நேரடி ஒளி லென்ஸுக்குள் விழும் நடு 13 எல்.இ.டி.களுக்கு 20 மில்லி விநாடி போதுமென்றால், மற்ற 212-க்கும் ஒரு விநாடி வரை தேவைப்படலாம். பிறகு ஒவ்வொரு படத்தையும் அதன் எக்ஸ்போஷர் நேரத்தால் வகுக்க மறக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம்; 5 மெகாபிக்சல் கேமராவென்றால் இரண்டேகால் ஜி.பி. அந்த நாலு நிமிடமும் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. கதவிடுக்கு வெளிச்சம் ஓரத்து மங்கல் படங்களைத்தான் முதலில் தின்னும்.

இன்னொரு பொறி: இந்தப் பலகைகள் வரிசை வரிசையாக மின்னி மின்னித்தான் எரியும். எக்ஸ்போஷர் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகாவிட்டால் படத்துக்குப் படம் பிரகாசம் மாறும். நிரலில் வரிசை ஓட்டத்தை நிறுத்தி, ஒரே எல்.இ.டி.யைத் தொடர்ந்து எரியவிடுங்கள்.

கணக்குப் பகுதி சிறியது. படத்தை 200 பிக்சல் அளவுத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு சாய்வைத் தனியாகக் கணக்கிடுங்கள். நடுப்படத்தை 4 மடங்கு பெரிதாக்கித் தொடங்கலாம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் உரிய வட்டத்தை வெட்டி எடுத்து, படத்தளத்துக்குக் கொண்டுவந்து, கட்டத்தை (ஃபேஸ், அதாவது ஒளி அலையின் முன்பின் நிலை) விட்டுவைத்து வீச்சை (அலையின் உயரம்) மட்டும் அளந்த படத்தின் வர்க்கமூலத்தால் மாற்றி, திரும்ப ஒட்டுங்கள். நடுவிலிருந்து வெளியே போங்கள். 10 முதல் 20 சுற்று.

வந்த படம் மோசமானால் எல்லோரும் நிரலைத்தான் நோண்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் பலகை. பலகை 1 மி.மீ. தள்ளியிருந்தாலே சாய்வு 0.0125 பிசகும், அதாவது ஒரு படியில் கால் பங்கு. விளைவு, பின்னணியில் அலையலையாகச் சுருக்கம். நடு எல்.இ.டி.களில் ஒன்றின் படத்துக்கு ஃபூரியர் உருமாற்றம் எடுத்து, லாக் அளவில் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள் தெரியும். அவற்றின் மையங்கள்தான் அந்த எல்.இ.டி.யின் உண்மையான சாய்வு. உங்கள் சாய்வு அட்டவணையை அதற்கேற்பத் திருத்துங்கள். மையத்திலிருந்து சரியாக 8 மி.மீ. தள்ளியுள்ள நான்கு எல்.இ.டி.கள் லென்ஸின் விளிம்பில் தொங்குபவை. அவற்றின் படம் பாதி வெளிச்சம், பாதி இருட்டாக வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நான்கையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும். வெங்காயத் தோல்கூட இதற்குத் தடிமன். ரத்தப் பூச்சு ஸ்லைடு பொருத்தம்.

சோதிக்க யு.எஸ்.ஏ.எஃப். 1951 இலக்கு ஸ்லைடு, அதாவது தொகுதி தொகுதியாகக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகும் சோதனை ஸ்லைடு. நடு எல்.இ.டி. மட்டும் எரியும்போது 7-ஆம் தொகுதி 4-ஆம் கோடுகளோடு நின்றுவிடும். தைத்த படத்தில் 9-ஆம் தொகுதி 3-ஆம் கோடுகள் பிரிந்து தெரிய வேண்டும். சாய்வு அட்டவணையில் ஒரு அச்சின் கூட்டல்-கழித்தல் குறி மட்டும் தலைகீழானால் ஒன்றும் பிரியாது. இரண்டுமே தலைகீழானால் கோடுகள் அழகாகவே வரும், அதனால்தான் ஏமாறுவோம். கட்டப் படத்தில் ரத்த அணு மேடாக இல்லாமல் பள்ளமாகத் தெரிந்தால், இரண்டு குறிகளையும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.