இரண்டு சிறு விமானங்கள் அணியாகப் பறக்க: விங்மேனுக்கான முதல் பாடங்கள்

அணியாகப் பறப்பதைத் தானாகப் பழகிப் பார்க்கக் கூடாது. இதில் தேர்ந்த பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னால் பறக்கும் லீடரும் அனுபவசாலியாக இருக்க வேண்டும். அவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் பின்தொடர்பவர்தான் விங்மேன், அதாவது நீங்கள். தொடக்கத்தில் இரண்டு விமானம் போதும், அவையும் ஒரே ரகமாக இருக்கட்டும்.

முதல் பாடம் தரையில்தான். லீடர் விமானத்துக்குப் பின்பக்கவாட்டில், சுமார் 45 டிகிரி கோணத்தில், இறக்கை நுனிகளுக்கு இடையே தாராளமான இடைவெளி விட்டு உங்கள் விமானத்தைத் தள்ளி நிறுத்துங்கள். காக்பிட்டில் உட்கார்ந்து பாருங்கள்: லீடரின் கிட்டத்து இறக்கை நுனி, அதன் உடலில் எந்த இடத்துக்கு நேராகத் தெரிகிறது? வானில் அந்த இரண்டு புள்ளிகளும் பொருந்தி நின்றால் கோணம் சரி. நுனி லீடரின் வால் பக்கம் நகர்ந்தால் நீங்கள் முந்திவிட்டீர்கள். மூக்குப் பக்கம் நகர்ந்தால் பின்தங்கிவிட்டீர்கள்.

புறப்படும் முன் பேசி முடிக்க வேண்டியவை: ரேடியோ அலைவரிசை, சைகைகள், பயிற்சி உயரம், எவ்வளவு எரிபொருள் மிஞ்சும்போது திரும்புவது, பார்வை தப்பினால் யார் எந்தப் பக்கம் விலகுவது. பேசாத எதையும் மேலே போய்ச் செய்யாதீர்கள். எரிபொருள் கணக்கு விங்மேனுடையதை வைத்துத்தான்; த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஓயாமல் அசைப்பதால் அவருக்கே அதிகம் செலவாகும். கட்டுப்பாட்டு வான்வெளியில் (தரைக் கட்டுப்பாட்டாளர்கள் போக்குவரத்தை நடத்தும் வான்பகுதி) சர்வதேச விதிப்படி அணி ஒரே விமானமாகக் கருதப்படும். லீடரிடமிருந்து பக்கவாட்டில் 1 கி.மீ., உயரத்தில் 30 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது.

லீடர் முழு சக்தியில் பறந்தால் விங்மேனுக்கு எட்டிப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. அதனால் ஏறும்போதும் அவர் கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும். விங்மேனின் த்ராட்டில் திருத்தம் எப்போதும் மூன்று அசைவு: பின்தங்கினால் கூட்டு, விமானம் முன்னே நகரத் தொடங்கியதும் குறை, இடத்துக்கு வந்ததும் நிலைநிறுத்தும் அளவுக்குத் திருப்பி வை. நடுவிலுள்ள அசைவை மறப்பவர்கள்தான் முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறார்கள். கை இறுகினால் கால் விரல்களை அசைத்துப் பாருங்கள்; வேடிக்கையாகத் தோன்றினாலும் பிடி தளரும்.

ஆபத்து அதிகம் பதுங்கியிருப்பது, நெருங்கி நிற்பதில் அல்ல, நெருங்கிச் சேரும் வேகத்தில். தள்ளியிருந்து அணியில் வந்து சேரும்போது, லீடர் 15 முதல் 30 டிகிரி சாய்வில் மாறாத வேகத்தில் திரும்பட்டும். நீங்கள் திருப்பத்தின் உட்புறமிருந்து, அவரைவிடச் சற்றுத் தாழ்வாக, 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வரை மட்டும் கூடுதல் வேகத்தில் வாருங்கள். சில இறக்கை அகலத் தொலைவிலேயே நின்று, நகர்வு அடங்கியதும் மெல்ல உள்ளே வரலாம். வேகம் அடங்காது என்று தோன்றிய கணமே த்ராட்டிலைக் குறைத்து, சாய்வைத் தளர்த்தி, லீடருக்குக் கீழேயும் பின்னேயும் கடந்து வெளிப்புறம் போய்விடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதறிப்போய் வயிற்றை லீடர் பக்கம் காட்டிச் சாய்த்து இழுப்பதுதான் கொல்லும் தவறு: அவர் எங்கே என்பதே தெரியாமல் போய்விடும்.

பக்கம் மாறும்போது முதலில் கீழிறங்கிப் பின்வாங்குங்கள். உங்கள் மூக்கு லீடரின் வாலைத் தாண்டிப் பின்னால் வந்தபிறகே குறுக்கே போங்கள். நேர் கீழே நுழைந்தால் உங்கள் இறக்கைக்கு முன்னால் மேலெழும் காற்று லீடரின் வாலைத் தூக்கி, அவர் மூக்கை உங்கள் மேல் கவிழ்க்கலாம். இறக்கை நுனியிலிருந்து பின்னால் சுழன்று வரும் காற்றும் பொல்லாதது. 1966 ஜூன் 8 அன்று எக்ஸ்பி-70 என்ற பெரிய அமெரிக்கச் சோதனை விமானத்தோடு அணியில் பறந்த எஃப்-104 போர் விமானம் அந்தப் பெரிய விமானத்தின் மீதே மோதியது, இருவர் இறந்தனர்.

உயர் இறக்கை விமானத்தில் (இறக்கை உடலின் மேற்புறம் இருப்பது) லீடரைவிடத் தாழ்ந்து பறந்தால் உங்கள் இறக்கையே லீடரை மறைத்துவிடும். அந்த ரகத்துக்கு ஏற்ற உயரத்தைப் பயிற்றுநரிடம் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

லீடர் பார்வையிலிருந்து மறைந்தால், தேடிக்கொண்டே பறக்க வேண்டாம். கடைசியாகப் பார்த்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் உடனே விலகி, "பார்வையில் இல்லை" என்று ரேடியோவில் சொல்லுங்கள். லீடர் தன் திசையையும் உயரத்தையும் சொல்வார். இருவருக்கும் இடையே 500 அடி உயர வித்தியாசம் ஏற்படுத்துங்கள். இருவரும் ஒருவரையொருவர் கண்ட பிறகே மீண்டும் சேர வேண்டும். முதல் சில பயிற்சிகளில் புறப்படுவதும் இறங்குவதும் தனித்தனியாகவே நடக்கட்டும்.