மகளிர் நாளுக்கு இசையும் கவிதையும்: முதன்முதலாக நடத்துபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்ட் 9 மகளிர் நாள். 1956இல் அன்றைக்குத்தான் ஏறத்தாழ 20,000 பெண்கள், கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்கவேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து, பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் கட்டடத்துக்குப் போனார்கள். அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள், பிறகு பாடினார்கள். அந்த நாளில் பெண் கலைஞர்களுக்காக ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்த மூன்று கவிதையும் இரண்டு மூன்று வாத்தியமும் போதும்.

முதல் வேலை, இடம். டர்பன் பக்கம் அது ஆடிக் கஞ்சி நடக்கும் காலம். கோயில் மண்டபத்தை ஜூன் மாதமே கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, கவிதை. இசையை அப்புறம் பார்க்கலாம். ஒன்று பழந்தமிழ், ஒன்று இந்த மண்ணுடையது, ஒன்று உங்கள் ஊர்ப் பெண் எழுதியது. கடைசியை அவரே வாசிக்கட்டும். இந்த மண்ணுக்கு நான் சொல்வது சூலு இனத்து இளவரசி மகோகோவை (1900–1984). தானே பாட்டுக் கட்டி, உகுபு என்ற வில் வாத்தியத்தைக் கோலால் தட்டியபடி பாடியவர். நம் வில்லுப்பாட்டில் வில்லோடு குடம் இருக்கும், உகுபுவில் சுரைக்குடுக்கை. அவருடைய ஒலிப்பதிவைச் சபையில் இதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். முன்வரிசைப் பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: எந்த வரிக்கு எந்த ஒலி. கவிதை முழுவதற்கும் அடியில் இசையை ஓடவிடாதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் செய்தோம், மிருதங்கத்தில் பாதிச் சொற்கள் காணாமல் போயின. வாசிக்கும்போது தம்பூரா மட்டும் இருக்கட்டும், வரி முடிந்த இடத்தில் வாத்தியம் பதில் சொல்லட்டும்.

குறுந்தொகையில் ஔவையாரின் 28ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே அடி. தன் நோய் தெரியாமல் தூங்கும் ஊரை முட்டுவேனா, தாக்குவேனா, கூவுவேனா என்று ஒருத்தி கேட்கிறாள். முட்டும் இடத்தில் மிருதங்கத்தில் ஒரே அடி, தாக்கும் இடத்தில் இரண்டு. கூவும் இடத்தில் எதுவும் வேண்டாம், அங்கே குரல் தனியாக நிற்கவேண்டும். ஊர் தூங்கும் கடைசி அடிக்குப் பிறகு வயலின் மெல்ல வரலாம்.

சுருதியை வாசிப்பவரின் பேச்சுக் குரலுக்கு வையுங்கள். பாடகிக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) சரியாக இருக்கலாம், வாசிப்பவருக்கும் அதுவே பொருந்தும் என்று இல்லை. நான்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கே பல பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. வரிகளை ஆங்கில எழுத்திலும் பொருளை ஆங்கிலத்திலும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். மேடையில் தமிழ்தான் முதலில் ஒலிக்கவேண்டும், பொருள் பிறகு. இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

ஒத்திகை இரண்டு போதும். ஒன்று வீட்டில், ஒன்று மைக்கோடு மண்டபத்தில்.

வயலின், மிருதங்கம் வாசிக்கும் பெண்களின் பெயர்களை அவர்கள் வாசிப்பதற்கு முன்பே முழுதாக அறிவியுங்கள். நன்றியுரையில் வேகமாகப் படித்து முடிக்கிற பெயர்கள் அல்ல அவை.

கடைசிக் கவிதை முடிந்ததும் உடனே கைதட்டவேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். தம்பூராவையும் நிறுத்திவிட்டு அரை நிமிடம் எல்லோரும் அப்படியே நிற்கட்டும். அப்புறம் பாடகி தொடங்கலாம், சபையும் கூடவே பாடலாம்.