டிவிடியிலிருந்து நகலெடுத்த வீட்டு வீடியோக்கள் ‘அனுமதி இல்லை’ என்று மறுத்தால்: உபுண்டுவில் சரிசெய்யும் முறை

திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று 2000-களில் எடுக்கப்பட்ட வீட்டு வீடியோக்கள் பல வீடுகளில் இன்றும் டிவிடிகளில் மட்டுமே இருக்கின்றன. எழுதக்கூடிய டிவிடியில் தகவலைத் தாங்கியிருப்பது ஒரு கரிமச் சாயப் படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும் என்பதால், அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது. அந்த வேலையில் இறங்கும் புதியவர்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது கீறல் அல்ல, கோப்பு அனுமதிதான். எங்கள் வீட்டு டிவிடிகளை மாற்றியபோது நான் கண்டு தீர்த்தவற்றை, உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

டிவிடி டிரைவை இணைப்பதும் முனையத்தைத் திறப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை எழுத்து எழுத்தாக ஒலித்துக் காட்டியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்ட வேண்டும். ‘பெரிய’ என்று சொல்லாத எழுத்துகள் அனைத்தும் சிறிய எழுத்துகளே.

முதலில், எந்தப் பிழைச்செய்தி என்று பாருங்கள்

‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் அது அனுமதிச் சிக்கல். இந்தப் பதிவு அதற்கானது. ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால், நீங்கள் டிவிடியின் மேலேயே மாற்றம் செய்ய முயல்கிறீர்கள் என்று பொருள். டிவிடியில் உள்ள கோப்பின் அனுமதியை அங்கேயே மாற்ற முடியாது. முதலில் கணினிக்கு நகலெடுத்து, அந்த நகலில்தான் மாற்ற வேண்டும். ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று வந்தால் டிரைவால் வட்டைப் படிக்க இயலவில்லை. அதற்கு அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. வட்டைத் துடைத்துப் பார்த்து, அதுவும் உதவாவிட்டால் ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் மென்பொருளால் முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பதே சரியான வழி.

சிக்கல் எங்கிருந்து வருகிறது

டிவிடியைச் செருகியதும் உபுண்டு அதைத் தானாகவே இணைத்து, மீடியா என்ற கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரின் கீழ் காட்டும். அனுமதி விவரம் எதுவும் எழுதப்படாத ஐஎஸ்ஓ 9660 வகை (வட்டில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) வட்டாக இருந்தால், இணைக்கும் நிரல் தன் விருப்பப்படி கோப்புகளுக்கு 400 என்றும் கோப்புறைகளுக்கு 500 என்றும் அனுமதி கொடுக்கிறது. இந்த எண்களில் முதல் இலக்கம் உரிமையாளருக்கு உரியது. அதில் 4 என்பது படிக்கும் அனுமதி, 2 என்பது எழுதும் அனுமதி, 1 என்பது கோப்பாக இருந்தால் இயக்கும் அனுமதி, கோப்புறையாக இருந்தால் உள்ளே நுழையும் அனுமதி. ஆகவே 400 என்றால் படிக்கலாம், எழுத முடியாது. 500 என்றால் கோப்புறைக்குள் நுழையலாம், பட்டியலைப் பார்க்கலாம், ஆனால் உள்ளே எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

வட்டில் இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை. ஆனால் முனையத்தில் ‘சி பி’ கட்டளையால் நகலெடுக்கும்போது, கோப்போடு அதன் அனுமதியும் கூடவே வருகிறது. எழுத முடியாத வட்டில் இருந்த பூட்டு, எழுதக்கூடிய உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படியே விழுந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் சொந்தக் கணினியில், உங்கள் சொந்தக் கோப்புறையில் இருக்கும் வீடியோவுக்குப் பெயர் மாற்ற முயன்றால்கூடக் கணினி மறுக்கிறது.

உபுண்டுவின் ‘ஃபைல்ஸ்’ என்னும் கோப்பு மேலாளரில் இழுத்துப் போட்டு நகலெடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழுவதில்லை. மூலம் எழுத முடியாத வட்டு என்பதை அது கண்டுகொண்டு, நகலுக்கு வழக்கமான அனுமதியையே கொடுக்கிறது. நான்கைந்து வட்டுகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும், முனையம் தேவையே இல்லை. ஒரு பெட்டி நிறைய வட்டுகள் வைத்திருப்பவர்களுக்குத்தான் முனையத்தைப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அங்கே ஒரே கட்டளையை மேல்நோக்கிய அம்புக்குறியால் மீண்டும் அழைத்து, வட்டையும் கோப்புறைப் பெயர்களையும் மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

பூட்டு வராமலே நகலெடுப்பது

கட்டளை ‘சி பி’. அடுத்து ஓர் இடைவெளி, பிறகு கழித்தல் குறியும் ஆர் எழுத்தும். இது உட்கோப்புறைகளையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறது. மீண்டும் இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறிகளுடன் ‘நோ-ப்ரிசர்வ்=மோட்’ என்று தட்டுங்கள்; இது வட்டின் அனுமதியைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்கிறது. அதன்பின் இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறிகளுடன் ‘ப்ரிசர்வ்=டைம்ஸ்டாம்ப்ஸ்’. கடைசியாக வட்டின் கோப்புறை, இடைவெளி, சேமிக்க வேண்டிய கோப்புறை. நீளமான முகவரிகளைத் தட்டத் தேவையில்லை; கோப்பு மேலாளரிலிருந்து கோப்புறையை முனையத்துக்குள் இழுத்து விட்டால் முகவரி தானாகவே வந்து விழும்.

டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற பகுதியை விட்டுவிடலாமா என்று தோன்றலாம். தயவுசெய்து விடாதீர்கள். டிவிடிக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் ‘விடிஎஸ் 01 1’ என்ற பாணியில் எல்லா வட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். மேலுறையில் எழுதியது அழிந்துபோன வட்டில், அது எந்த ஆண்டு எடுத்தது என்று சொல்ல மிஞ்சியிருப்பது பல வேளைகளில் கோப்பின் தேதி ஒன்றுதான். அந்தத் தேதியை அழித்துவிட்டு வீடியோவை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலை.

‘ஆர்சிங்க்’ என்னும் நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வழக்கமாக எல்லோரும் சேர்க்கும் கழித்தல் ஏ என்ற தெரிவு, அனுமதியையும் அப்படியே காப்பாற்றும் தெரிவு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு அது அருமையானது. டிவிடியிலிருந்து எடுக்கும்போது அதுவே பூட்டையும் கொண்டுவந்து சேர்க்கும். இந்த வேலைக்கு நான் ‘சி பி’ கட்டளையையே விரும்புகிறேன்.

ஏற்கெனவே பூட்டோடு வந்த நகலைத் திறப்பது

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். பலர் வீடியோக் கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு எழுதும் அனுமதி கொடுத்துவிட்டு, பிறகும் அதை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியவில்லை என்று குழம்புகிறார்கள். காரணம் எளிமையானது, ஆனால் எளிதில் கண்ணில் படாது: லினக்ஸில் ஒரு கோப்பை நீக்குவதும் பெயர் மாற்றுவதும் அந்தக் கோப்பின் மேல் செய்யும் வேலை அல்ல, அது இருக்கும் கோப்புறையின் மேல் செய்யும் வேலை. பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை அடிக்க வேண்டுமானால் பதிவேட்டில் எழுதும் உரிமைதான் வேண்டும். அந்த மாணவரின் சம்மதம் போதாது. கோப்புறை அந்தப் பதிவேடு. கோப்புறைக்கு 500 என்று இருக்கும்வரை, உள்ளே உள்ள கோப்புக்கு எந்த அனுமதி கொடுத்தாலும் அதை அங்கிருந்து அகற்ற முடியாது. மாறாக, கோப்புறைக்கு 700 கொடுத்துவிட்டால், 400 என்றிருக்கும் கோப்பைக்கூட ஒரு கேள்வி கேட்டுவிட்டு நீக்க அனுமதித்துவிடும்.

ஆகவே கோப்புறையையும், அதற்குள் உள்ள எல்லாக் கோப்புறைகளையும் கோப்புகளையும் சேர்த்தே திறக்க வேண்டும். அதற்கான கட்டளை ‘சி எச் எம் ஓ டி’. இடைவெளி, கழித்தல் குறி, பெரிய ஆர். மீண்டும் இடைவெளி விட்டு: யு, கூட்டல் குறி, ஆர், டபிள்யூ, பெரிய எக்ஸ். பிறகு இடைவெளி, நகலெடுத்த கோப்புறையின் பெயர்.

இங்கே கடைசி எழுத்து கட்டாயம் பெரிய எக்ஸ் ஆக இருக்க வேண்டும். சிறிய எக்ஸ் எழுதினால் எல்லா வீடியோக் கோப்புகளுக்கும் இயக்கும் அனுமதி கிடைத்துவிடும். அவை நிரல்கள் அல்ல, அவற்றுக்கு அது வேண்டியதில்லை. பெரிய எக்ஸ் என்பது கோப்புறைகளுக்கு நுழையும் அனுமதியைக் கொடுத்து, ஏற்கெனவே இயக்கும் அனுமதி இல்லாத கோப்புகளைத் தொடாமல் விட்டுவிடும்.

இணையத்தில் இதே சிக்கலுக்கு 777 என்ற எண்ணைப் பெரிய ஆர் தெரிவோடு கொடுக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், அது அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் உங்கள் குடும்ப வீடியோக்களை அழிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. 644 என்று கொடுப்பது இன்னும் விபரீதமானது. கோப்புகளுக்கு அது சரியான எண்தான், ஆனால் கோப்புறைகளிலிருந்து நுழையும் அனுமதியைப் பறித்துவிடும். அப்படிச் செய்துவிட்டீர்கள் என்றால் அஞ்ச வேண்டாம், எதுவும் அழியவில்லை. மேலே சொன்ன பெரிய எக்ஸ் கட்டளையை இட்டால் கோப்புறைகள் மீண்டும் திறந்துகொள்ளும்.

முனையம் வேண்டாம் என்பவர்கள், கோப்பு மேலாளரில் கோப்புறையின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’, அதில் ‘பெர்மிஷன்ஸ்’ என்று போனால், உள்ளே இருக்கும் கோப்புகளின் அனுமதியை மாற்றும் பொத்தான் இருக்கும். உரிமையாளர் வரிசையில் கோப்புகளுக்குப் படிக்கவும் எழுதவும், கோப்புறைகளுக்குக் கோப்புகளை உருவாக்கவும் நீக்கவும் என்ற தெரிவுகளை வையுங்கள்.

உரிமையாளர் நீங்கள் இல்லை என்றால்

மேலே சொன்ன கட்டளையே ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று மறுத்தால், அந்த நகலின் உரிமையாளர் ‘ரூட்’, அதாவது கணினியின் நிர்வாகி, ஆக இருக்கும். நகலெடுக்கும்போது, நிர்வாகி உரிமையில் இயக்கச் சொல்லும் ‘சூடோ’ சேர்த்திருந்தால் இப்படித்தான் ஆகும். ‘சூடோ’ சேர்த்து, ‘சி எச் ஓ டபிள்யூ என்’ கட்டளையை, கழித்தல் குறியும் பெரிய ஆரும் இட்டு, உங்கள் பயனர் பெயரும் அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளியும் வைத்து, கோப்புறையின் பெயரோடு முடியுங்கள். உரிமை உங்களிடம் வந்த பிறகு, அனுமதியை மாற்றும் கட்டளையை மீண்டும் இடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. நகலெடுக்க ‘சூடோ’ தேவைப்படுகிறது என்றால், அது வட்டிலேயே வேறொரு கோளாறு இருப்பதன் அறிகுறி.

வட்டே உள்ளே விடாதபோது

அந்தக் கோளாறு பெரும்பாலும் தொலைக்காட்சியோடு இணைத்துப் பதிவுசெய்யும் டிவிடி ரெக்கார்டர்களிலும், 8 செ.மீ. சிறு வட்டில் பதியும் ஹேண்டிகேம்களிலும் எழுதிய வட்டுகளில் வருகிறது. இவை யுடிஎஃப் என்னும் அமைப்பில் எழுதுகின்றன. அதில் லினக்ஸ் மதிக்கும் அனுமதி விவரங்களைச் சில கருவிகள் தாறுமாறாக எழுதிவைக்கின்றன. கோப்புறைக்கு நுழையும் அனுமதியே இல்லாமல்கூட இருக்கும். தொலைக்காட்சியில் நன்றாக ஓடும் வட்டு கணினியில் மட்டும் திறக்க மறுப்பது இதனால்தான்.

தீர்வு, வட்டில் எழுதியிருப்பதைப் புறக்கணிக்கச் சொல்லி நாமே இணைப்பது. முதலில் கோப்பு மேலாளரில் ‘அன்மவுண்ட்’ செய்யுங்கள். ‘இஜெக்ட்’ வேண்டாம், வட்டு வெளியே வந்துவிடும். பிறகு ‘சூடோ மவுண்ட்’ கட்டளையில், கழித்தல் டி என்ற தெரிவுக்கு ‘யுடிஎஃப்’ என்றும், கழித்தல் ஓ என்ற தெரிவுக்கு ‘ஆர்ஓ, யுஐடி=1000, ஜிஐடி=1000, மோட்=0444, டிமோட்=0555’ என்றும் கொடுங்கள். இந்தப் பட்டியலில் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. வட்டின் முகவரி ‘டெவ்’ கோப்புறையில் உள்ள ‘எஸ்ஆர்0’. இணைக்கும் இடமாக ‘எம்என்டி’ கோப்புறையைக் கொடுக்கலாம். உபுண்டுவை நிறுவியபோது முதலில் உருவாக்கிய பயனரின் எண் 1000. நீங்கள் இரண்டாவது பயனர் என்றால் ‘ஐடி’ என்று தட்டி உங்கள் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி இணைத்தபின் ‘சூடோ’ இல்லாமலே நகலெடுக்க முடியும்.

சிறு வட்டுகளை, தட்டு வெளியே வரும் டிரைவில், நடுவில் உள்ள சிறு பள்ளத்தில் மட்டுமே வையுங்கள். வட்டை உள்ளிழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் சிக்கிக்கொள்ளும். மேலும், கேமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்யாத, அதாவது பதிவை முடித்து மூடாத வட்டு கணினியில் வெற்று வட்டுபோலத் தெரியலாம். அதில் எதையும் எழுதிவிடாமல், அதே கேமரா இன்னும் இயங்குமானால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பென் டிரைவுக்கு நேராக நகலெடுத்தபின் அனுமதியை மாற்றினால் மாறவே இல்லை என்று கேட்டிருந்தார்கள். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு அமைப்பு வகைகள் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிப்பதில்லை. அங்கே இந்தக் கட்டளைகளுக்கு வேலை இல்லை. அங்கே வரும் தடை வேறு. ரெக்கார்டர்களிலும் கேமராக்களிலும் உள்ள ‘விஆர்’ என்னும் பதிவு முறையில் பதிந்த வட்டில் எல்லாக் காட்சிகளும் ஒரே விஆர்ஓ கோப்பாக இருக்கும். முழு வட்டென்றால் அது 4 ஜிபியைத் தாண்டக்கூடும். ஃபேட்32 அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விசிடி வைத்திருப்போரும் நிறையப் பேர் கேட்டார்கள். விசிடியில் ‘எம்பெக்ஏவி’ கோப்புறைக்குள் உள்ள, பெயர் ‘டி ஏ டி’ என்று முடியும் கோப்பை நகலெடுத்தால் லினக்ஸில் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ வரும். வட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். விசிடியின் காட்சிப் பகுதி சாதாரணக் கோப்புகளைப்போல அல்லாமல் வேறு வகைப் பிரிவுகளில் எழுதப்பட்டிருப்பதால், வழக்கமான நகலெடுப்பு அதைப் படிக்க முடியாமல் நிற்கிறது. ‘விசிடி இமேஜர்’ தொகுப்பை நிறுவினால் அதனுடன் வரும் ‘விசிடிஎக்ஸ்ரிப்’ கருவி, வட்டிலிருந்து காட்சிகளை நேராக எம்பெக் கோப்புகளாக எடுத்துத் தரும். அவை விஎல்சி என்னும் வீடியோ இயக்கியில் ஓடும்.